இரண்டு டெராபைட்டில் ஒன்றா, ஒரு டெராபைட்டில் இரண்டா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் ஏறி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒன் டிபியா, டூ டிபியாக்கா?" பதில் சொல்வதற்குள் அடுத்த வரியும் வந்துவிடும்: "கொஞ்சம்தான் வித்தியாசம், டூ டிபியே எடுத்துக்கோங்க." அந்தப் பையன் சொல்வது பொய்யில்லை. கொள்ளளவு இரட்டிப்பாகும்போது விலை இரட்டிப்பாவதில்லை. ஒரு ஜி.பி.க்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பெரியதுதான் மலிவு. ஆனாலும் நான் ஒரு டெராபைட்டில் இரண்டு வாங்கினேன், அதுவும் வேறு வேறு கம்பெனியில். பில் போடும்போது அவன் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தான்.

நான் புத்தகப் பக்கம் வடிவமைக்கிறவள். திருவல்லிக்கேணியில் வீட்டு முன்னறையில் ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் அலுவலகம். பதிப்பகங்களுக்கு லே-அவுட், சிறு பத்திரிகைகள், சங்க மலர்கள். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் விடுவதில்லை. மறுபதிப்பு என்று வந்தால் பல பதிப்பகங்களிடம் பழைய ஃபைல் இருக்காது. "அந்த 2009 புத்தகம் உங்ககிட்ட இருக்குமில்லம்மா?" என்று போன் வரும். இருந்தே ஆக வேண்டும், என் பிழைப்பில் ஒரு பகுதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் பேக்கப் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். இங்கே எழுதுவது பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். மேக் பற்றித் தெரிந்த அளவுக்கு நடுவில் சொல்கிறேன்.

முதலில் கொள்ளளவு. லேப்டாப்பில் இருப்பது 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க். விண்டோஸ், சாஃப்ட்வேர் போக என் சொந்த ஃபைல்கள் அதில் பாதிக்குச் சற்று மேல். நூறு கிராஃப் பக்கம் வரைந்து கணக்குப் போட வேண்டியதில்லை: லேப்டாப் டிஸ்க்கின் அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தால் போதும். இரண்டு மடங்கு எதற்கு என்றால், பேக்கப் என்பது ஒரு நகல் மட்டுமில்லை. போன வாரம் இருந்த நிலை, போன மாதம் இருந்த நிலை என்று பழைய பிரதிகளும் சேரும். எழுத்தாளர் மூன்றாவது புரூஃபில் ஒரு அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, ஐந்தாவது புரூஃபில் "அது இருக்கட்டுமே" என்று சொல்கிற தொழில் இது. பழைய பிரதி இல்லாமல் ஓட்ட முடியாது. வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் நான்கு, ஐந்து டெராபைட்டில் தொடங்குவதுதான் சரி.

பெட்டியில் ஒரு டெராபைட் என்று போட்டிருக்கும், செருகினால் விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. ஒரு லட்சம் கோடி பைட்டை 1,024ஆல் மூன்று முறை வகுத்தால் 931 வரும். யாரும் எதையும் திருடவில்லை.

அப்புறம் வருவதுதான் பெரிய கேள்வி: சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? பையில் போட்டுக்கொண்டு பதிப்பகம், அச்சகம் என்று அலைகிறவர்களுக்கு எஸ்.எஸ்.டி. வேண்டும். அதில் சுழலும் பாகம் கிடையாது, விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வேகமும் சில மடங்கு அதிகம். ஆனால் பேக்கப் டிஸ்க் அலைவதில்லை. வாரத்தில் ஒருநாள் மேசைக்கு வரும், வேலை முடிந்ததும் அலமாரிக்குப் போகும். அதற்கு எஸ்.எஸ்.டி. விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தில் சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கலாம், இரண்டு நகல் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஸ்.எஸ்.டி. தகவலை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரமே கொடுக்காமல் நெடுங்காலம் போட்டு வைத்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். அதிகம் எழுதித் தேய்ந்த எஸ்.எஸ்.டி.யில், வெப்பமான இடத்தில், இன்னும் சீக்கிரம். புது எஸ்.எஸ்.டி. ஆறு மாதத்தில் காலியாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஆனாலும் வருஷக்கணக்கில் தொடாமல் பூட்டி வைக்கிற பொருளுக்கு அது ஏற்றதல்ல. சுழலும் டிஸ்க்கின் காந்தத் தட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சுழலும் டிஸ்க்கை வாங்குகிறோம் என்றால் அதன் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நகல் எடுக்கும்போது கொஞ்ச நேரம் ஓட்டமாக ஓடும், பிறகு திடீரென்று நொண்டும். பழைய ஃபைல்களை அழித்து அந்த இடத்தில் எழுதும்போது இன்னும் மோசம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள். கெடவில்லை. கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இப்போது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரம் ஏறும்படி எழுதுகின்றன. குறைந்த இடத்தில் அதிகம் அடக்குவதற்காக. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் நடு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் அதன்மேல் ஏறியிருக்கும் வரிசையையும் கலைத்து அடுக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். எஸ்.எம்.ஆர். என்று இதற்குப் பெயர். பெட்டியில் போட்டிருக்காது. எந்தெந்த மாடலில் இந்த முறை இருக்கிறது என்று கம்பெனிகள் பட்டியல் வெளியிட்டதே 2020இல் பெரிய கூச்சல் எழுந்த பிறகுதான். பேக்கப்புக்கு இது ஒரு குறையே இல்லை என்பேன், பொறுமை இருந்தால். அந்த டிஸ்க்கிலேயே வைத்து வீடியோ எடிட் செய்யலாம், லேப்டாப்பில் இடம் மிச்சமாகும் என்று திட்டம் போட்டால்தான் தலைவலி.

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்காதவர் இல்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேட்டால் நாலு பெயர் வரும், ஒவ்வொருவருக்கும் ஒரு சோகக் கதை இருக்கும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: சுழலும் ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள் உலகத்திலேயே இப்போது மூன்றே பேர்தான். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை சீகேட் 2011இல் வாங்கிவிட்டது, ஹிட்டாச்சி 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. மேலே வேறு எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இந்த மூவரில் ஒருவர்தான். மூன்று பேருடையதும் ஓடும், மூன்று பேருடையதும் ஒருநாள் சாகும். என் முடிவு: இரண்டு வாங்கினால் இரண்டு கம்பெனியில் வாங்கு. ஒரே மாடலை ஒரே நாளில் வாங்கினால் அநேகமாக ஒரே தொகுதியில் தயாரானவை கிடைக்கும். ஒரு குறை இருந்தால் இரண்டிலும் இருக்கும்.

கம்பெனியைவிட நான் கவனித்துப் பார்ப்பது கேபிள் செருகும் முனையை. பழைய மாதிரி டிஸ்க்குகளில் அகலமாக, நடுவில் பிளவோடு ஒரு முனை இருக்கும். மைக்ரோ-பி. சில வருஷத்தில் ஆடத் தொடங்கும். மேசையில் கை பட்டால் டிஸ்க் மறைந்து மறுபடி தோன்றும். நகல் ஓடும்போது இப்படி ஆனால் நாசம். கேபிள் தேய்ந்தால் மாற்றிவிடலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள் குவியலாக விற்கிறார்கள். முனையே ஆடினால்தான் கஷ்டம். சில மாடல்களில் உள்ளே, கம்ப்யூட்டருக்குள் இருப்பது போன்ற சாதாரண சாட்டா டிஸ்க்கும் அதன் தலையில் ஒரு சிறு கார்டும் இருக்கும். கார்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு டிஸ்க் கூட்டில் போட்டுக்கொள்ளலாம். வேறு சில மாடல்களில் யூ.எஸ்.பி. முனையை டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே இந்த வைத்தியம் செல்லாது. வெளியிலிருந்து பார்த்து எது எந்த வகை என்று கண்டுபிடிப்பது சிரமம். கிடைத்தால் டைப்-சி முனை உள்ளதாக வாங்குங்கள், இறுக்கமாக உட்காரும்.

அந்த அகல முனையில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் பாதிப் பகுதியில் பழைய போன் சார்ஜர் கேபிளையும் செருகலாம், டிஸ்க் வேலையும் செய்யும். ஆனால் யூ.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். நொடிக்கு 110 எம்.பி. போக வேண்டிய இடத்தில் 35 எம்.பி. போகும். 300 ஜி.பி. முக்கால் மணி நேரத்தில் முடிவதற்குப் பதில் இரண்டரை மணி நேரம் இழுக்கும். டிஸ்க் மந்தமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தக் கேபிள், எந்தப் போர்ட் என்றுதான். லேப்டாப்பில் நீல நிறப் போர்ட் (வேகமான யூ.எஸ்.பி. 3.0) இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றாமல் நின்றாலும் உடனே பதற வேண்டாம். நாலு போர்ட் உள்ள மலிவு ஹப்பில் செருகியிருந்தால் மின்சாரம் போதாமல்கூட அப்படி ஆகும். நேரே லேப்டாப்பில் செருகியும் அதே சத்தம் வந்தால் பதறலாம்.

கடைக்குப் போய் வாங்குவதா, ஆன்லைனா? இரண்டிலும் வாங்கலாம், ஆளைப் பார்த்து வாங்க வேண்டும். நான் நேரில் போகிறவள். வீட்டிலிருந்து நடை தூரம் என்பது ஒரு காரணம், பெட்டியை அங்கேயே பார்த்துவிடலாம் என்பது இன்னொன்று. ஜி.எஸ்.டி. பில் கேட்டேன். "பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தரேன்கா" என்றான். வேண்டாம் தம்பி என்றேன். மூன்று வருஷ வாரண்டிக்குப் பில்தான் ஆதாரம். பெட்டியின் சீல் உடைந்திருக்கிறதா, பெட்டியிலும் டிஸ்க்கின் முதுகிலும் ஒரே சீரியல் எண் இருக்கிறதா என்று பார்த்தேன். கடையில் நின்றபடியே போனில் கம்பெனி தளத்தைத் திறந்து அந்த எண்ணைப் போட்டால் இந்தியாவில் எதுவரை வாரண்டி என்று காட்டிவிடும். ஒன்றுக்கு எதிர்பார்த்த தேதி வந்தது. இன்னொன்றுக்கு வாரண்டி ஏற்கெனவே சில மாதம் ஓடிவிட்டதாகக் காட்டியது. "பில் தேதியிலேர்ந்துதான்கா கணக்கு" என்றான். அதுவும் உண்மைதான், பில் காட்டினால் திருத்திக் கொடுப்பார்கள். "சரி, ஆனா வேற பீஸ் எடு" என்றேன். முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்தான்.

வாரண்டி என்றால் டிஸ்க்குக்குத்தான், அதில் இருக்கும் புத்தகத்துக்கு இல்லை. கெட்டுப்போனால் வேறு டிஸ்க் தருவார்கள், அது புதுப்பித்த டிஸ்க்காகவும் இருக்கலாம். தகவலை மீட்டுத் தருவது தனித் தொழில். உள்ளே பாகம் மாற்ற வேண்டி வந்தால் டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள், கிடைக்கும் என்ற உறுதியும் தரமாட்டார்கள்.

நடைபாதைக் கடையிலும் ஆன்லைனிலும் "16 டெராபைட் எஸ்.எஸ்.டி., இரண்டாயிரம் ரூபாய்" என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நகல் எடுக்கும்போது எல்லாம் ஏறுவது போலவே இருக்கும். உண்மையான கொள்ளளவு தீர்ந்ததும் புதிய ஃபைல் பழைய ஃபைல்மேலேயே ஏறும். ஃபோல்டரில் பெயர்கள் வரிசையாக இருக்கும், திறந்தால் ஒன்றும் வராது. வெறுமனே ஏமாந்தால்கூடப் பரவாயில்லை, பேக்கப் இருக்கிறது என்று நம்பி லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடுவார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை.

நல்ல கடையில் வாங்கியதாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் நான் இரண்டு சோதனை செய்வேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். புது டிஸ்க் என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதே பக்கத்தில் 'ரீஅலொகேட்டட் செக்டார்' (கெட்டுப்போனதால் மாற்றிய இடங்கள்), 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்கத் திணறும் இடங்கள்) என்று இரண்டு வரி வரும். இரண்டிலும் கடைசிக் கட்டம் முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். பழைய டிஸ்க்குக்கும் இதைத்தான் பார்ப்பேன். பெண்டிங் வரியில் பூஜ்யம் போய் எண் ஏறத் தொடங்கினால் அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. இரண்டாவது சோதனை, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு சாஃப்ட்வேர். டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஒரு டெராபைட்டுக்கு ஒரு ராத்திரி எடுக்கும். படுக்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் பதில் சொல்லும். போலி டிஸ்க் இதில் தப்பவே முடியாது. பலவீனமான டிஸ்க்கும் அநேகமாக அன்றைக்கே மூச்சு வாங்கும், கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபார்மட், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை பற்றி ஒரே பத்தி. விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் என்.டி.எஃப்.எஸ். போதும். மேக்கிலும் விண்டோஸிலும் மாறி மாறிச் செருக வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் நகல் ஓடும்போது கேபிள் பிடுங்கினால் அடி பலமாக விழும், ஆகவே 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மேக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2007 முதலே டைம் மெஷின் இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி ஒரு முறை சம்மதம் கொடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மேக்காரர்கள்மேல் பொறாமை உண்டு.

டிஸ்க் தேர்வு இவ்வளவுதான். இதைவிடப் பெரிய தேர்வு, அதில் எதைப் போடுவது என்பது. விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது. ஆன் செய்தால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் என்று தனக்குத் தெரிந்த ஃபோல்டர்களை எடுத்துக்கொள்ளும். டி.டி.பி. செய்கிறவர்கள் வேலையை எங்கே வைக்கிறோம்? டி டிரைவில், 'வொர்க்' என்ற ஃபோல்டரில். அது அந்தக் கணக்கில் வராது, நாம்தான் சேர்க்க வேண்டும். நான் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். இடது பக்கம் லேப்டாப் ஃபோல்டர், வலது பக்கம் டிஸ்க். என்னென்ன மாறியிருக்கிறது என்று காட்டும், பார்த்துவிட்டு ஓடவிடலாம். அதில் அழித்த, மாற்றிய ஃபைல்களைத் தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் ஒதுக்கும் வசதி இருக்கிறது. அதை மறக்காமல் ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப்பில் கைதவறி அழித்தது பேக்கப்பிலும் ஒழுங்காக அழிந்துவிடும்.

இனி எழுத்துரு. தமிழில் பக்கம் வடிவமைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோட் பரவுவதற்கு முன்னால், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் செய்த ஃபைல்களில் தமிழே கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். பாமினி பரவாயில்லை, எங்கும் கிடைக்கும். டாம், டாப் என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளில் வந்தவை, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்து விற்றவை என்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் பல கம்பெனிகள் இப்போது இல்லை. எழுத்துரு போனால் நானூறு பக்கப் புத்தகமும் போனதுதான், மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டும்.

எழுத்துருக்களைப் பேக்கப் எடுக்கிறேன் என்று சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய் நகல் எடுப்பார்கள். பாதிதான் வரும். 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டும் பதிவாகி வேறு இடத்தில் போய் உட்காருகிறது. பயனர் பெயர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று ஐந்து படி இறங்க வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், கண்ணுக்கே தெரியாது. நான் இந்த இரண்டு இடத்தையும் நம்புவதில்லை. புது எழுத்துரு வந்ததும் முதலில் டி டிரைவில் 'எழுத்துரு' ஃபோல்டரில் கம்பெனி வாரியாகப் போடுவேன், பிறகுதான் இன்ஸ்டால். பக்கத்திலேயே பேஜ்மேக்கர் 7 இன்ஸ்டாலர், அதன் சீரியல் எண், பழைய விசைப்பலகை மென்பொருள், பிரிண்டர் டிரைவர் எல்லாம் இருக்கின்றன. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், இனி எங்கே போய்க் கேட்பது?

இதெல்லாம் கை கொடுத்தது ஒரு டிசம்பரில். எங்கள் தொழிலில் டிசம்பர் என்றால் ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கான அவசரம். எல்லாப் பதிப்பகமும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். இரண்டு புத்தகம் அச்சகத்துக்குப் போகும் நிலையில் இருந்தபோது லேப்டாப் ஆன் ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு என்றார்கள். எஸ்.எஸ்.டி. நன்றாகத்தான் இருந்தது, கழற்றி வேறு லேப்டாப்பில் செருகலாம். ஆனால் செருகியதும் விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டான பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். இப்போது வரும் பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு நமக்குச் சொல்லாமலே போட்டிருக்கிறது. 48 இலக்க எண், நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே உள்ளே போய்ப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த வழிக்குப் போகவில்லை, நேரமில்லை. அண்ணன் மகனின் காலேஜ் லேப்டாப்பை வாங்கினேன். "எவ்ளோ நாள் அத்தை?" என்றான், முகம் சரியில்லை. அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் செருகி, முதலில் எழுத்துரு ஃபோல்டர் முழுவதையும் தேர்ந்து வலது கிளிக்கில் 'எல்லாப் பயனருக்கும் இன்ஸ்டால்' கொடுத்தேன். அடுத்து பேஜ்மேக்கர். அதற்கு அப்புறம் அந்த இரண்டு புத்தகத்தின் ஃபோல்டர்கள் மட்டும். மொத்தத்தையும் அப்போதே இறக்க வேண்டும் என்று ஆசைப்படவில்லை. சாயங்காலம் உட்கார்ந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் முதல் புத்தகம் திரையில் வந்துவிட்டது. ஒரு தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரிந்தது. ஏதோ ஒரு எழுத்துரு ஃபோல்டரில் ஏறவில்லை. பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்த பி.டி.எஃப்.பைப் பார்த்து அதே சாயலில் வேறொன்று போட்டேன், யாரும் கேட்கவில்லை.

கடைசிப் பேக்கப்புக்குப் பிறகு செய்த திருத்தங்கள் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். புரூஃப் தாள்கள் கையில் இருந்ததால் மறுநாள் மறுபடி போட்டேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை பேக்கப் எடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதிலிருந்தே வருகிறது: எத்தனை நாள் வேலையைத் திரும்பச் செய்ய உங்களுக்குத் தெம்பு இருக்கிறதோ, அத்தனை நாள். எனக்கு வாரம் ஒருமுறை போதும். டிசம்பரில் மட்டும் தினமும்.

இனி இரண்டாவது டிஸ்க் எதற்கு என்ற கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெரிந்த அச்சகக்காரர் ஒருவர் பேக்கப் ஒழுங்காக வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மேசைமேல், டிஸ்க் மேசை டிராயரில். அடையாற்றுத் தண்ணீர் இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்தது. திருட்டும் தீயும் அப்படித்தான், லேப்டாப்பைத் தூக்குகிறவன் பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கை விட்டுவிட்டா போவான்? மூன்று நகல், இரண்டு வகைப் பொருளில், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. நான் அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டேன். ஒரு டிஸ்க் என் அலமாரியில், இன்னொன்று தாம்பரத்தில் தங்கை வீட்டில், இரண்டாவது மாடியில். அங்கே போகும்போது இங்கே இருப்பதை எடுத்துப் போய் அங்கே இருப்பதைக் கொண்டுவருவேன். நாள் கணக்கெல்லாம் கிடையாது, எங்கள் வீட்டில் விசேஷங்களுக்குப் பஞ்சமில்லை.

கிளவுடில் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். நடப்பு வேலைகளை அங்கேயும் போடுகிறேன். கூகுளில் இலவசமாக 15 ஜி.பி. தருகிறார்கள், அதுவும் ஜிமெயிலோடு பங்கு. நடப்புப் புத்தகங்களுக்கு அது தாராளம். இருபது வருஷக் கிடங்குக்குப் போதாது, மாதா மாதம் கட்ட வேண்டும். இன்னொன்று, ஒன்டிரைவ் மாதிரியானவை அடிப்படையில் சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான்.

நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் நான் கறார். செருகியே வைத்தால் தானாகப் பேக்கப் ஆகுமே என்பார்கள். ஆகும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி வைரஸ் உள்ளே வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அது ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, ஹார்ட் டிஸ்க் ஓடும்போது விழுவது வேறு, நிற்கும்போது விழுவது வேறு. நிற்கும்போது தட்டைப் படிக்கும் ஊசி ஓரமாக ஒதுங்கியிருக்கும். சுற்றும்போது தட்டின்மேல் தொட்டும் தொடாமல் மிதக்கிறது, மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நீளக் கேபிள் வேண்டாம்.

பாஸ்வேர்டு போடுவதா? என் பேங்க் காகிதங்கள், ஆதார், வருமான வரி எல்லாம் வெராகிரிப்ட் என்ற சாஃப்ட்வேரில் ஒரு பூட்டிய ஃபைலுக்குள் இருக்கின்றன. புத்தக ஃபைல்களைப் பூட்டாமலே வைத்திருக்கிறேன். திருடன் என் லே-அவுட்டை வைத்து என்ன செய்யப் போகிறான்? பாஸ்வேர்டை மறந்து நானே வெளியே நிற்கும் ஆபத்துதான் பெரியது. மற்றவர்களின் ரகசியம் கையில் இருக்கும் வக்கீல்கள், ஆடிட்டர்கள், டாக்டர்கள் அப்படி இருக்க முடியாது. அவர்கள் முழு டிஸ்க்கையும் பூட்டித்தான் ஆக வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் போட்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பூட்ட முடியாது, வேறெங்கோ பூட்டியதைத் திறக்க மட்டும் முடியும்.

டிஸ்க் ஓடுகிறவரை ஓடட்டும் என்று விடுவதில்லை. ஐந்து வருஷம் ஆனதும் புதிது ஒன்று வாங்கி, பழையதைப் படம், பாட்டு என்று போனால் போகட்டும் ரகங்களுக்கு ஒதுக்கிவிடுவேன். அதையும் தாண்டி வெளியே கொடுக்கும்போது ஃபைலை டெலீட் செய்தால் மட்டும் போதாது. 'குவிக் ஃபார்மட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும், மணிக்கணக்கில் ஓடும். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அதன் கம்பெனி தரும் சாஃப்ட்வேரில் 'செக்யூர் இரேஸ்' இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். படிக்கவே முடியாமல் செத்துப்போன டிஸ்க்குக்கு இந்த வழியெல்லாம் செல்லாது. அதைத் திருகு கழற்றி, தட்டை வெளியே எடுத்து, ஆணியால் நாலு கீறு கீறிவிட்டுத்தான் பழைய எலக்ட்ரானிக் பொருள் எடுக்கிறவரிடம் கொடுப்பேன். சில டிஸ்க்கில் தட்டு கண்ணாடி, சிதறும். துணியில் சுற்றிக்கொண்டு செய்ய வேண்டும்.